"நான்தான்" என்று சொல்பவர் யார்? தன்னை விசாரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அம்மாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் மறதி நோய். முதலில் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் போயின. அப்புறம் நான் யார் என்பது போனது. என்னைப் பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொண்டு, "இருட்டிப் போச்சு, உங்க அம்மா தேடுவாங்க, வீட்டுக்குப் போம்மா" என்பார். ஒரு கட்டத்தில் தன் பெயரைக் கேட்டாலே விழித்தார். அந்த நாட்களில் ஒருமுறை அவர் இருந்த அறையின் கதவு சாத்தியிருந்தது. தட்டி, "உள்ளே யாரு?" என்றேன். கொஞ்சமும் தயங்காமல் பதில் வந்தது: "நான்தான்."

பெயர், வயசு, கல்யாணம், பிள்ளைகள், ஐம்பது வருஷம் ஆண்ட சமையலறை, எல்லாம் உதிர்ந்த பிறகும் அந்த ஒரு சொல் உதிரவில்லை. அதைச் சொல்ல அவருக்கு ஞாபகசக்தி தேவைப்படவும் இல்லை.

அந்த "நான்" எது என்று பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. திருவண்ணாமலை ரமண மகரிஷி காட்டிய வழி அது. ஆன்ம விசாரணை என்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, பதினோரு வருஷமாக, விட்டும் தொட்டும் இதைச் செய்துவருகிறேன். கரை ஏறியவள் என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. தொடங்கும்போது யாராவது இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

வழி பிறந்த கதை

இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் செய்முறை முழுக்க இதற்குள்ளேயே இருக்கிறது.

1896ஆம் வருஷம், ஜூலை மாதம். மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் வெங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். பிற்காலத்தில் ரமண மகரிஷி ஆனவன் இவன்தான். உடம்பில் ஒரு நோயும் இல்லை. திடீரென்று சாகப்போகிறோம் என்ற பயம் வந்து கவ்வுகிறது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. சாவு வந்துவிட்டது, சரி, சாவது எது என்று பார்த்துவிடுவோம் என்று கைகால்களை விறைப்பாக நீட்டிப் பிணம்போலப் படுத்துக்கொள்கிறான். மூச்சை அடக்கி, உதடுகளை இறுக மூடிக்கொள்கிறான். இந்த உடம்பைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். அதோடு நானும் போய்விடுவேனா? உடம்பு கட்டையாகக் கிடக்கும்போதும் "நான்" என்ற உணர்வு உள்ளே முழு விழிப்போடு இருப்பதை நேரடியாகக் காண்கிறான். அன்றைக்குப் போன மரண பயம் திரும்பி வரவே இல்லை.

ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, வீட்டை விட்டுக் கிளம்பினான். அண்ணனுக்காகக் கல்லூரியில் கட்ட வேண்டிய கட்டணம் ஐந்து ரூபாய் கையில் இருந்தது. மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனான். அந்தச் சீட்டை நிதானமாகப் படித்துப் பாருங்கள். தொடக்கத்தில் "நான்" என்று எழுதுகிறான். அடுத்த வரிக்கு வருவதற்குள் "நான்" போய் "இது" வந்துவிடுகிறது: இது நல்ல காரியத்தில்தான் இறங்கியிருக்கிறது, இதைத் தேட வேண்டாம் என்கிறான். கடைசியில் "இப்படிக்கு" என்று போட்டு, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. தம்பி, மாணவன், மதுரைக்காரன் என்ற எல்லாமே நாலு வரிக்குள் கழன்று விழுந்திருக்கின்றன.

செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை. பிறகு 1950 ஏப்ரல் 14இல் உடம்பை விடும்வரை அந்த மலையை விட்டு அவர் எங்கும் போகவில்லை. விரூபாட்ச குகையில் பேசாமல் இருந்த காலத்தில், 1902 வாக்கில், சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் வந்து கேட்ட முதல் கேள்வியே "நான் யார்?" என்பதுதான். அவர் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர், ஆபீஸ் வேலையாகத் திருவண்ணாமலைக்கு வந்தவர். அவருக்கு மகரிஷி மணலிலும் சிலேட்டிலும் காகிதத்திலும் எழுதிக் காட்டிய பதில்கள்தான் பிறகு "நான் யார்?" என்ற அதே பெயரில் ஒரு சின்னப் புத்தகமாக வந்தன. ஒரே மூச்சில் படித்துவிடலாம். இந்த வழிக்குப் புதிதாக வருகிறவர் வேறு எதையும் தேடி அலைவதற்கு முன் அதைப் படித்தால் போதும்.

முதல் நாள்: நோட்டும் பேனாவும்

இந்தப் பயிற்சி நானாகச் செய்துகொண்டது. மகரிஷி யாரையும் பட்டியல் போடச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இது கதவைத் திறந்தது.

ஒரு நோட்டில் நீங்கள் யார் யாராக இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். மகள், அக்கா, மனைவி, டீச்சர், மாமியார், வீட்டுக்கடன் கட்டுகிறவர், சர்க்கரை நோயாளி, சங்கத்துச் செயலாளர். எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எப்போது வந்தது, எப்போது போனது அல்லது போகும் என்று குறியுங்கள்.

"டீச்சர்" என்பதற்கு எதிரே 23 முதல் 58 வரை என்று எழுதினேன். எழுதும்போது ஒரு காலை நினைவுக்கு வந்தது. ஓய்வு பெற்ற வருஷம், ஜூன் மாதம் பள்ளி திறந்த நாள். எட்டு மணிக்குப் புடவை மடிப்புக்குப் பின் குத்தி, கைப்பையை மாட்டி, வாசலில் செருப்பையும் போட்ட பிறகுதான் போக வேண்டிய இடம் இல்லை என்பது உறைத்தது. செருப்போடு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் வந்து எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முப்பத்தைந்து வருஷம் என்னைத் தாங்கிய ஒன்று கீழே விழுந்துவிட்டது. ஆனால் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாளே, அவள் விழவில்லை. அன்றைக்கு இது புரியவில்லை, நோட்டில் எழுதும்போது புரிந்தது.

"மகள்" என்பதற்கு எதிரே எழுதியதுதான் கஷ்டமாக இருந்தது. என்னைப் "பாப்பா" என்று கூப்பிட இப்போது ஆளில்லை.

நோட்டைப் பார்த்தால் ஒன்று தெரியும். எந்த வேஷமும் உங்களோடு பிறக்கவில்லை, எல்லாமே நடுவில் வந்தவை. ஆனால் ஆறு வயதில் "நான் மிட்டாய் எடுக்கலை" என்று சொன்னபோது இருந்த "நான்" என்ற உணர்வும், இன்றைக்கு "நான் மாத்திரை போட்டுட்டேன்" என்று சொல்லும்போது இருப்பதும் வேறு வேறா? உடம்பு வேறு, புத்தி வேறு, குரல்கூட வேறு. அந்த உணர்வு மட்டும் வயசாகாத மாதிரி இருக்கிறது. இதை நம்புங்கள் என்று சொல்லவில்லை. உங்களுக்கு அப்படித்தானா என்று பாருங்கள்.

இரண்டாவது: தூக்கத்தைக் கேளுங்கள்

நேற்று ராத்திரி கனவே இல்லாத தூக்கத்தில் நீங்கள் மேனேஜரா, அம்மாவா, கடன்காரரா? ஒன்றுமே இல்லை. ஆணா பெண்ணா என்பதுகூட அங்கே கிடையாது. ஆனாலும் காலையில் எழுந்து "சுகமா தூங்கினேன்" என்கிறோம். தூங்கும்போது நான் செத்துப்போயிருந்தேன் என்று யாரும் சொல்வதில்லை. எல்லா வேஷமும் கழன்ற நிலை நமக்கு அந்நியமானது இல்லை. தினமும் போய்வருகிறோம், அதற்காக ஏங்கவும் செய்கிறோம். தூக்கம் வராத மனுஷன் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

மகரிஷி திரும்பத் திரும்பத் தூக்கத்தை உதாரணம் காட்டியது இதற்காகத்தான். மூன்று நாள் காலை எழுந்ததும் இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு இருங்கள். அதற்குள் அடுத்ததற்குப் போக அவசரம் வேண்டாம்.

மூன்றாவது: உட்காருவது

பதினைந்து நிமிஷம் போதும். பத்மாசனம் கட்டாயம் இல்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம். மனசு ரொம்பவும் அலைந்தால் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனியுங்கள். மகரிஷி மூச்சை மனதுக்குப் போடும் மூக்கணாங்கயிறாக மட்டுமே ஒத்துக்கொண்டார், அதுவே முடிவு என்று சொல்லவில்லை.

ஒரு நினைப்பு வரும். வராமல் இருக்காது. "கேஸ் புக் பண்ணணும்" என்று வருகிறது என்று வையுங்கள். அதைத் துரத்தவும் வேண்டாம், அதன் பின்னால் போகவும் வேண்டாம். இந்த நினைப்பு யாருக்கு வந்தது என்று கேளுங்கள். எனக்கு என்று வரும். இந்த நான் யார்? இங்கேதான் முக்கியமான விஷயம். இதற்கு வார்த்தையில் பதில் சொல்லக் கூடாது. கேள்வி உங்கள் கவனத்தை எந்தப் பக்கம் திருப்பியதோ அந்தப் பக்கமே அதை விட்டுவிட வேண்டும். "நான் இருக்கிறேன்" என்ற அந்த வெறும் உணர்வின் மேல். நாய் தன் எஜமானை மோப்பம் பிடித்துக்கொண்டே போகிற மாதிரி அந்த "நான்" என்ற வாசனையைப் பிடித்துக்கொண்டே போ என்று மகரிஷி சொல்வார். நாய்க்கு எஜமானின் பேரும் தெரியாது, உடுப்பும் பொருட்டில்லை. வாசனை ஒன்றே போதும்.

இரண்டு நொடி நிற்கும். அப்புறம் கேஸ், பால் கணக்கு, சீரியல், எல்லாம் வந்துவிடும். மறுபடி யாருக்கு என்று கேளுங்கள். பதினைந்து நிமிஷத்தில் நாற்பது தடவை தவறினால் நாற்பது தடவை திரும்பியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நான் செய்த பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் "நான் யார், நான் யார்" என்று ராமஜெபம்போல உருட்டிக்கொண்டிருந்தேன். அது மந்திரம் இல்லை, கேள்வி. வீட்டில் யாரோ நடமாடும் சத்தம் கேட்டு "யாரது?" என்று கேட்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு நிற்போமே, அந்தக் கூர்மை இதில் இருக்க வேண்டும். இன்னொன்று, படித்ததைப் பதிலாக வைப்பது. யார் என்று கேட்டதும் "நான் ஆத்மா, நான் பிரம்மம்" என்று உள்ளே யாரோ ஒப்பிப்பார்கள். அதுவும் ஒரு நினைப்புதான். அதற்கும் இதே கேள்வி: இது யாருக்கு? வெளிச்சம் தெரிகிறது, மணி கேட்கிறது என்பவர்களுக்கும் இதுவேதான். பிணத்தை எரியவிடக் கிளறும் தடி கடைசியில் தானும் எரிந்துபோவதைப்போல, மற்ற நினைப்புகளை எரித்த பிறகு இந்தக் கேள்வியும் போய்விடும் என்கிறார் மகரிஷி. எனக்கு இன்னும் தடி கையில் இருக்கிறது.

நான்காவது: வேஷம் மாறும் இடுக்குகள்

காலை பதினைந்து நிமிஷத்தைவிட எனக்கு அதிகம் உதவியது இது.

செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் விடிய விடிய பாரதக் கூத்து பார்த்தேன். துரியோதனன் வேஷம் கட்டியவர் ராத்திரி முழுக்க ஆடி, மண்ணில் சாய்ந்து, ஊர்ப் பெண்கள் அழ, பொழுது விடிந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கொட்டகை ஓரத்தில் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். காது மடலில் மட்டும் சிவப்பு ஒட்டியிருந்தது. "மல்லாட்டைக்குத் தண்ணி பாய்ச்சணும், வரேன்" என்று கிளம்பிவிட்டார். வாழ்க்கை ஒரு நாடகம் என்று எல்லோரும் சொல்வதுதான். ஆனால் நான் வீடு வரும்வரை யோசித்தது வேறு. அவர் துரியோதனனைக் கழற்றிவிட்டு விவசாயியைப் போட்டுக்கொண்டார். விவசாயியைக் கழற்றினால் வீட்டில் அப்பா. அரிதாரத்தைத் துடைத்த பிறகும் துடைக்க இன்னும் எவ்வளவோ இருக்கிறது. விசாரணை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நமக்கும் தினமும் பத்திருபது தடவை வேஷம் மாறுகிறது. ஒரு வேஷம் கழன்று அடுத்தது ஏறுவதற்குள் ஒரு சின்ன இடுக்கு இருக்கும். ஃபோனை வைத்து அடுத்த அழைப்பை எடுப்பதற்குள். வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக் கதவைத் திறப்பதற்குள். கைப்பிடியில் கை இருக்கும் அந்த நொடியில் நீங்கள் ஆபீசர் இல்லை, அப்பாவும் இன்னும் ஆகவில்லை. அங்கே ஒரு மூச்சு நேரம் நில்லுங்கள். இருக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த வெறும் இருப்பைக் கவனித்துவிட்டு உள்ளே போங்கள். ஒரு நாளைக்கு மூன்று இடுக்கு பிடித்தால் பெரிய விஷயம்.

இடுக்குகளில் பெரியது காலையில் கண் விழிக்கும் நேரம். முதலில் "இருக்கிறேன்" என்பது வரும். அப்புறம்தான் பேர், கிழமை, கவலை எல்லாம் வரிசையாக வந்து சேரும். ஃபோனைத் தொட்டால் அது கலைந்துவிடும். முதல் மூன்று மூச்சுக்கு அதைத் தொடாமல் இருங்கள்.

வலி வரும்போதும் இதைச் செய்யலாம். மருமகள் வந்த புதிதில் ஒருநாள் சமையலறைக்குள் போனால் புளி ஜாடி வேறு தட்டில் இருந்தது. முப்பது வருஷம் ஒரே இடத்தில் இருந்த ஜாடி. சுருக்கென்றது. ஒரு ஜாடிக்கு இவ்வளவு வலியா என்று எனக்கே ஆச்சரியம். இந்த வலி யாருக்கு என்று கேட்டேன். இந்த வீட்டு அம்மாவுக்கு. சமையலறை தன்னுடையது என்று இருந்தவளுக்கு. அவளை அடையாளம் கண்டதும் வலி குறைந்தது. வலியைப் பார்க்கிறவளுக்கு அடி படவில்லை என்பதும் தெரிந்தது. ஜாடி இன்னும் புது இடத்தில்தான் இருக்கிறது.

இதற்குள் தெய்வம் எங்கே?

"நானே கடவுள்" என்று சொல்லச் சொல்கிறார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். சைவ சித்தாந்தத்தில் ஊறியவர்களுக்கும், பெருமாளுக்கு அடிமை என்று வாழ்கிறவர்களுக்கும் அது கூசும். நியாயம்தான். டீச்சர் கடவுள் இல்லை, மாமியார் கடவுள் இல்லை. பேரும் உருவமும் கணக்குவழக்கும் உள்ள இந்த ஆள் கடவுள் என்று எந்தப் பெரியவரும் சொல்லவில்லை. அந்த ஆளுக்கு அடியில், அவளோடு வராமலும் அவளோடு போகாமலும் இருக்கிறதே, அதைத்தான் தெய்வம் என்கிறார்கள். அதில் "என்னுடையது" என்று ஒட்டுவதற்கு இடமே இல்லை. மீன்காரம்மா "நான்" என்றாலும் கலெக்டர் "நான்" என்றாலும் அடியில் ஒன்றுதான் என்பது மகரிஷியின் தீர்மானம்.

அவர் அப்படியே நடந்தும் காட்டினார். ஆசிரமத்து நாய்களையும் பசுக்களையும் அவர் "அது" என்று சொன்னதில்லை. அவன், அவள், பசங்க என்றுதான் பேசுவார். தன்னை "இது" என்று எழுதியவர் நாயை "அவன்" என்கிறார். பந்தியில் தனக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தாலும் கோபிப்பார். 1948இல் இறந்த லட்சுமி என்ற பசுவுக்கு ஆசிரமத்தில் சமாதி இருக்கிறது, இன்றைக்கும் பார்க்கலாம். தெய்வத்தன்மை என்ற பெரிய வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இதுதான்.

விசாரணை பிடிபடாதவர்களுக்கு அவரே இன்னொரு கதவும் வைத்திருக்கிறார், சரணாகதி. ரயிலில் ஏறிய பிறகும் மூட்டையைத் தலையில் சுமப்பானேன், கீழே வைத்துவிட்டு உட்கார் என்பார். முருகா என்று உருகுகிறவர் அந்த வழியிலேயே போகலாம். இரண்டும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடும் என்றுதான் அவர் சொன்னார்.

வேஷத்தை விட வேண்டுமா?

வேண்டாம். வேலையை விட்டுவிட்டுச் சந்நியாசம் வாங்கட்டுமா என்று கேட்டவர்களிடம், இப்போது "நான் குடும்பஸ்தன்" என்ற நினைப்பு இருக்கிறது, நாளைக்கு "நான் சந்நியாசி" என்ற நினைப்பு வரும், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார் மகரிஷி. 1936இல் ஒரு வழக்குக்காக அவரிடம் வாக்குமூலம் வாங்கியபோது, நீங்கள் எந்த ஆசிரமத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டார்கள். பிரம்மசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்ற நாலு வாழ்க்கை நிலைகளில் எதையும் சொல்லாமல், நாலுக்கும் அப்பாற்பட்ட அதியாசிரமம் என்றார். அப்படிச் சொன்னவர்தான் விடியுமுன்னே எழுந்து ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கியவரும்.

இரண்டு எச்சரிக்கைகள். வீட்டில் அடி உதை வாங்குகிற பெண், "வலி உடம்புக்குத்தானே, எனக்கில்லையே" என்று இதை வைத்துப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. யாராவது அப்படிப் பொறுத்துக்கொள்ளச் சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181க்கு ஃபோன் செய்யுங்கள், நம்பிக்கையான மனிதர்களிடம் சொல்லுங்கள். இரண்டாவது, உட்காரும்போது உலகமே பொய்யாகி, பயமும் வெறுமையும் நாள்கணக்கில் தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

திருவண்ணாமலைக்குப் போக வேண்டுமா என்று கேட்பார்கள். போக முடிந்தால் போங்கள். ரமணாசிரமத்துப் பழைய ஹாலில் ஒரு மணி நேரம் உட்காருங்கள், 14 கிலோமீட்டர் கிரிவலத்தைப் பௌர்ணமிக் கூட்டம் இல்லாத ஒரு நாளில் பேசாமல் நடந்து பாருங்கள். போக முடியாவிட்டால் குறை ஒன்றுமில்லை, தேடுகிற பொருள் நீங்கள் இருக்கிற இடத்தில்தானே இருக்கிறது.

எத்தனை நாளில் பலன் தெரியும் என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. ஓய்வு பெற்ற புதிதில் அந்த மணிச்சத்தம் கேட்டால் கால் தானாக எழும், அப்புறம் நாளெல்லாம் நெஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும். இந்த வருஷம் ஜூனில் பள்ளி திறந்த அன்று காலை மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. அடிக்கிறது என்று தெரிந்தது. பிள்ளைகள் ஓடும் சத்தமும் கேட்டது. குடத்தில் மீதி இருந்த தண்ணீரைப் பக்கத்துத் துளசிக்கு ஊற்றினேன்.